15 நிமிஷம், ரெண்டு தலை: ஜூன் மாச நாட்குறிப்பு

ஜூன் 1, 2025, ஞாயிறு

நாளைக்கு ஸ்கூல் திறக்கறாங்க. பாப்பா ஆறாங்கிளாஸ், புது ஸ்கூல், ரெட்டை ஜடை மடிச்சு ரிப்பன் கட்டித்தான் வரணும்னு சொல்லிட்டாங்க. சிங்காநல்லூர்ல இருந்து வண்டில கிளம்பி அவள விட்டுட்டு காந்திபுரத்துல என் ஆஃபீஸ் போய் சேரணும்னா 7:50க்கு கேட்ட தாண்டியே ஆகணும், டிபன் டப்பா தண்ணி பாட்டில் எல்லாம் போக தலைக்குன்னு மிஞ்சறது 15 நிமிஷம்தான், அதுவும் ரெண்டு தலைக்கு சேர்த்து. அதனால இந்த மாசம் தலை சீவுறத பத்தியே அப்பப்ப எழுதலாம்னு இருக்கேன். சீக்கிரம் போடற ஸ்டைல்னு நெட்ல கொட்டிக்கிடக்கு, ஆனா ஹெல்மெட்ட கழட்டுன பொறகு அது எப்படி இருக்குன்னு யாரும் காட்டறதில்ல, நமக்கு வேண்டியது அதுதானே.

ராத்திரியே பாப்பாவுக்கு சிக்கெடுத்து லூசா ஒரு பின்னல் போட்டு படுக்க வெச்சாச்சு. அகல பல் சீப்புல, நுனில ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல வரணும். உச்சில இருந்து இழுத்தா எல்லா சிக்கும் கீழ போய் ஒண்ணா சேந்துக்கும், அப்பறம் அழுகைதான். இத ராத்திரி முடிச்சுட்டா காலைல பாதி வேலை மிச்சம்.

ஜூன் 2, திங்கள்

வண்டில பின்னாடி உக்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம், நாலு வயசுக்கு மேல இருந்தா குழந்தைங்களுக்கும்தான், மோட்டார் வாகன சட்டம் 129வது பிரிவுல இருக்கு. போலீஸ் நிக்கறாங்களா இல்லையாங்கறது எனக்கு முக்கியமில்ல, அது என் புள்ளையோட தலை. ஆனா ரெட்டை ஜடைய வழக்கம் போல காதுக்கு மேல ஆரம்பிச்சா ஹெல்மெட்டுக்குள்ள ரெண்டு பக்கமும் முட்டும், ஹெல்மெட் முழுசா எறங்கி உக்காராது, அப்படி போட்டா போட்டதுக்கே அர்த்தமில்ல. அதனால ரெண்டு பின்னலையும் காது மடலுக்குக் கீழ, பிடரி ஓரத்துல ஆரம்பிச்சேன். நுனிய மடிக்கல, பேண்ட் மட்டும் போட்டு தொங்க விட்டுட்டேன். ஸ்கூல் கேட்டாண்ட இறங்கி ஹெல்மெட்ட கழட்டிட்டு ரெண்டையும் மேல மடிச்சு ரிப்பன் முடிஞ்சு விட்டேன், அவ்வளவுதான், ஒரு நிமிஷ வேலை. ரிப்பன் கசங்கவும் இல்ல.

அத்தை பக்கத்துல நின்னு பார்த்துட்டே இருந்தாங்க. "கண்ணு, அத்தன இறுக்காத, புள்ளைக்கு கண்ணு மேல ஏறிக்குது பாரு"ன்னாங்க. நூத்துக்கு நூறு உண்மை. பின்னுன பொறகு ஆள்காட்டி விரல் நுனிய நெத்தி ஓரத்துல முடிக்கு அடில விட்டா லேசா போகணும், போகலன்னா அது இறுக்கம்.

ஜூன் 4, புதன்

இன்னிக்கு என் தலைக்கு வர்றேன். வட்ட முகம், இடுப்புக்கு கொஞ்சம் மேல வரைக்கும் முடி, லேசான அலை, அடர்த்தி சுமார். உச்சந்தலைல போனிடெயில், மேல தூக்கி கொண்டை, இதெல்லாம் ஹெல்மெட் போடறவங்களுக்கு ஆகாது. கழுத்துக்கிட்ட கொண்டை போட்டாலும் ஃபுல் ஹெல்மெட்டோட பின் விளிம்பு அதுல இடிச்சு ஹெல்மெட் முன்னாடி சரியும், கண்ணுக்கு மேல வந்து உக்காந்துக்கும். அதனால நான் புடிச்சு வெச்சிருக்கற வழி, வண்டிக்கு ஒண்ணு, எறங்குன பொறகு ஒண்ணு, ஆனா ரெண்டும் ஒரே பின்னல்.

வீட்ல தாழ்வா, பிடரிக்கு கீழ இருந்து ஒத்த ஜடை, கொஞ்சம் லூசா. அத மேல போடற சட்டைக்குள்ள விட்டுட்டு ஓட்டுவேன். ஆஃபீஸ் வந்ததும் அந்த பின்னலையே சுருட்டி கொண்டையாக்கி மூணு நாலு கொண்டை ஊசி. சும்மா முறுக்கி போட்ட கொண்டை மத்தியானத்துக்குள்ள எறங்கிரும், பின்னி சுருட்டுனது சாயங்காலம் வரைக்கும் அப்படியே நிக்கும், ஏன்னா பின்னலோட மேடு பள்ளம் ஒண்ணுக்கொண்ணு கவ்விக்குது.

ஊசி குத்தறதுதான் இதுல சூட்சுமம். நேரா கொண்டைக்குள்ள சொருகாதீங்க, அது ஒரு மணி நேரத்துல நழுவி சட்டைக்குள்ள விழும். ஊசி முனை கொண்டைய விட்டு வெளிய பாக்கற மாதிரி புடிச்சு, கொண்டை ஓரத்து முடில கொஞ்சத்த கோக்கணும், கூடவே தலையோட ஒட்டி இருக்கற முடிலயும் கொஞ்சம். அப்பறம் ஊசிய அப்படியே எதிர்ப்பக்கமா திருப்பி கொண்டைக்கு அடில தள்ளணும். லேசா ஒரு இழுவை தெரியும், அது தெரிஞ்சா புடிச்சிருச்சுன்னு அர்த்தம். ஸ்லைடுன்னா வளைவு வளைவா இருக்கற கால் தலைய தொடற பக்கம் இருக்கணும், வழுவழுன்னு இருக்கற கால் மேல.

ஜூன் 7, சனி

பக்ரீத் லீவு. பார்லர் போய் வெட்டிட்டு வந்தேன். அந்த அக்கா லேயர் போடலாமா ஸ்டெப் போடலாமான்னு கேட்டாங்க, நான் ஒரே ஒரு கண்டிஷன்தான் சொன்னேன், எல்லாத்துலயும் குட்டையா இருக்கற முடி கூட பிடரில பேண்ட் போடற இடம் வரைக்கும் எட்டணும். எட்டலன்னா தினமும் காதோரம் கன்னத்தோரம்னு பிசிறு பிசிறா நிக்கும், அத அடக்க ஸ்லைடு, ஜெல்னு காலைல அஞ்சு நிமிஷம் போயிரும். கட்டிங் சரியா இருந்தா சீவுறதுக்கு வேலையே கம்மி. யூ கட், முன்னாடி தாடை அளவுக்கு கீழ ரெண்டே ரெண்டு நீள லேயர், போதும். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூட வேணா வளரும், அதனால இந்த ஷேப் மூணு மாசம் தாங்கும், தீபாவளிக்கு முன்னாடி ஒரு தடவை நுனி எடுத்தா சரியா இருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

காத்துன்னா காத்து அப்படியொரு காத்து. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவுல பாலக்காட்டு கணவாய் தொறந்து கெடக்குதில்ல, தென்மேற்கு பருவக்காத்து அந்த வழியா நேரா நம்மூருக்குள்ள வந்துரும், ஜூன் ஜூலைல கோயமுத்தூர்ல முடிய விரிச்சு விட்டுட்டு வண்டி ஓட்டறது சிக்க விலை குடுத்து வாங்கறதுதான். இந்த ரெண்டு மாசம் நுனி வரைக்கும் பின்னி கட்டிருங்க, பாதில பேண்ட் போட்டு விட்டா மிச்சம் இருக்கற வாலே முடிச்சு முடிச்சா ஆயிரும். ஹெல்மெட்டுக்கு அடில மெல்லிசா ஒரு காட்டன் துணி கட்டிக்கறேன், வேர்வையையும் அது இழுத்துக்குது, உள் பஞ்சு முடில உரசறதும் இல்ல. தினம் துவைச்சு போடணும்.

முக்கியமா ஒண்ணு, குளிச்ச ஈரத்தோட ஹெல்மெட் வேண்டாம். ஈர முடி காஞ்ச முடிய விட ரொம்ப வலு கம்மி, ரப்பர் மாதிரி நீளும், நீண்டு அறுந்துரும். அதனால தலைக்கு குளிக்கறத நான் சாயங்காலத்துக்கு மாத்திட்டேன். இதுல இன்னொரு லாபமும் இருக்கு. முக்கால்வாசி காஞ்சதும் லூசா ரெண்டு பின்னல் போட்டு படுத்துட்டா காலைல அவுத்தா அழகா அலை விழுந்திருக்கும், மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். முடிக்குள்ள இருக்கற ஹைட்ரஜன் பிணைப்புங்க தண்ணி பட்டா விட்டுக்கும், காயும்போது முடி எந்த வளைவுல இருக்கோ அதுலயே திரும்ப புடிச்சுக்கும், அவ்வளவுதான் விஷயம். அயர்ன் பண்ணி நேராக்குன முடி மழைல நனைஞ்சா பழையபடி ஆயிடறதும் இதே கதைதான்.

ஜூன் 13, வெள்ளி

லன்ச்ல எல்லாரும் என் கொண்டைய பார்த்துட்டு ஆளுக்கொரு கேள்வி. ஒரு ஸ்டைல் எல்லா முகத்துக்கும் ஒத்து வராது, ஆனா பாக்க வேண்டியது ஒண்ணுதான், முடியோட பருமன் முகத்துல எந்த இடத்துக்கு நேரா வந்து உக்காருதுன்னு. எனக்கு வட்ட முகம், கன்னத்துக்கு நேரா ரெண்டு பக்கமும் பொசபொசன்னு இருந்தா முகம் இன்னும் அகலமா தெரியும், அதுவே உச்சில கொஞ்சம் தூக்கலும் கோண வகிடும் இருந்தா முகம் நீளுது. லோன் செக்‌ஷன்ல இருக்கற பொண்ணுக்கு நீள முகம், அவ நேர் வகிடு எடுத்து படிய வாரி ஒத்த ஜடை போட்டு வருவா, இன்னிக்கு வகிட்ட ஓரத்துக்கு மாத்தி காதுக்கு நேரா ரெண்டு பக்கமும் விரலால லேசா இழுத்து லூசாக்கி விட்டேன், ஜடை அப்படியே இருக்கட்டும்னு. கண்ணாடில பார்த்தவ உடனே போட்டோ எடுத்து அவங்க அம்மாவுக்கு அனுப்பிட்டா. தாடை சதுரமா இருக்கறவங்களுக்கு காதுக்கு முன்னாடி ரெண்டு கீத்து முடி தாடை ஓரத்துல விழுந்தா போதும், முகமே மென்மையாயிரும். அகல நெத்தின்னா முன்முடிய சாய்வா ஒரு பக்கம் எடுத்துட்டு போய் காதுக்கு பின்னாடி ஸ்லைடு. இதெல்லாம் அரை நிமிஷம், ஒரு நிமிஷ வேலைங்க.

ஹெல்மெட் போட்டு உச்சி சப்பையா படிஞ்சு போறதுக்கும் வழி இருக்கு. வீட்ல வகிடு வலது பக்கம் எடுத்துட்டு கிளம்புங்க, எறங்குனதும் அத இடது பக்கத்துக்கு மாத்துங்க. ஒரு பக்கமா அமுங்கி இருந்த வேர் முடி எதிர்ப்பக்கம் போகும்போது எந்திரிச்சு நிக்கும், ஸ்ப்ரே எதுவும் தேவையில்ல. வருஷக்கணக்கா ஒரே இடத்துல வகிடு எடுத்து அங்க தலை வெளிச்சமா தெரியறவங்களுக்கும் இது நல்லது.

ஜூன் 15, ஞாயிறு

வெளிய சாரல். எண்ணெய் வெச்சு அலசுற நாள். 2003ல வந்த ஒரு இந்திய ஆய்வுல தேங்காண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூணையும் ஒப்பிட்டு பார்த்திருக்காங்க, அலசறதுக்கு முன்னாடி தேய்ச்சா முடில இருந்து புரோட்டீன் போறத கணிசமா குறைச்சது தேங்காண்ணெய் மட்டும்தான். அத்தைக்கு படிச்சு காட்டினேன், "இதுக்கு ஆய்வு வேறயா"ன்னுட்டு பாப்பா தலைல இன்னொரு கை எண்ணெய் வெச்சாங்க. கடைசி அலசலுக்கு மட்டும் சிறுவாணி தண்ணி ரெண்டு சொம்பு எடுத்து வெச்சுக்குவேன், போர் தண்ணில முடிச்சா முடி வரட்டு வரட்டுன்னு இருக்கும், அப்பறம் எந்த ஸ்டைலும் அடங்காது.

பேன் சீப்பும் போட்டாச்சு. ஸ்கூல் திறந்தா பேன் வரும், தலையும் தலையும் உரசறதுலதான் பரவுது, முடிய கட்டி வெச்சிருந்தா கொஞ்சம் தப்பிக்கலாம். இந்த வாரம் ஒண்ணும் இல்ல.

ஜூன் 19, வியாழன்

ஆஃபீஸ்ல இருந்து நேரா ரிசப்ஷன். சேலை பைலயே, மாத்திக்க லேடீஸ் ரூம், தலைக்கு அஞ்சு நிமிஷம். காலைல போட்ட பின்னல் கொண்டைய அவுக்கவே இல்ல, ஊசிய மட்டும் உருவி கொண்டைய இடது பக்கமா நகத்தி மறுபடி குத்துனேன், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு சாஞ்சு இருக்குமே அந்த பக்கம். சத்தியமங்கலம் மல்லி ஒரு முழம், கொண்டைய சுத்தி பாதி வட்டம். முன்னாடி சாய்வா எடுத்து விட்ட முடிய ஈர விரலால ஒரு தடவை வளைச்சு விட்டேன். மண்டபத்துல ஒரு சித்தி பார்லர்லயா பண்ணுனேன்னு கேட்டாங்க, அவங்களுக்கும் அங்கயே ஊசி திருப்பறத செஞ்சு காட்டிட்டு வந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

இத எழுதணும்னு ரெண்டு நாளா நெனச்சிட்டே இருக்கேன். எங்க கேஷியர் அக்காவுக்கு ரெண்டு காதுக்கு மேலயும் நெத்தி ஓரத்துல முடி மெலிஞ்சுட்டே வருது. இருபது வருஷமா ஒரே ஸ்டைல், வழிச்சு வாரி இறுக்கி ரப்பர் பேண்ட், அதுவும் பணக்கட்டுக்கு போடற பேண்ட். தினமும் 50ல இருந்து 100 முடி வரைக்கும் உதிர்றது எல்லாருக்கும் இயல்புதான், அதுக்கு பயப்பட வேண்டாம், ஆனா இழுபடற இடத்துல மட்டும் கோடு பின்னாடி போறது வேற. தோல் டாக்டர் ட்ராக்‌ஷன் அலோபீசியான்னு சொல்லியிருக்காங்க, இழுத்து கட்டறதாலயே வர்றது. சீக்கிரமா இறுக்கத்த விட்டா முடி திரும்ப வர வாய்ப்பு இருக்கு, வேர் வடுவாயிட்டா வராது. அக்கா முகத்த பாக்கவே எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அவசரத்துக்கு இதுதான் ஈஸின்னு தினமும் ஒரே இடத்துல ஒரே இழுவை போட்டிருக்காங்க, அவங்கள யாரு குத்தம் சொல்ல முடியும், ரெண்டு பஸ் மாறி வர்றாங்க.

இப்ப மாத்தி குடுத்திருக்கோம். பஸ்ல வர்றவங்கதானே, ஹெல்மெட் கிடையாது, அதனால அவங்களுக்கு கிளட்ச் கிளிப் சரியா இருக்கும், முடிய பின்னாடி சேர்த்து ஒரு முறுக்கு, மேல திருப்பி கிளட்ச், இழுவையே இல்ல, பத்து செகண்ட். மெலிஞ்ச இடத்த மறைக்க முன்முடிய தளர்வா காது மேல எறக்கி விட சொன்னேன், அவங்களுக்கு அது அழகாவும் இருக்கு. மறுநாள் தாழ்வா லூசு பின்னல், துணி பேண்ட். இப்படி மாத்தி மாத்தி, ஒரே இடத்துல தினமும் பாரம் விழாத மாதிரி. பணக்கட்டு ரப்பர் பேண்ட எல்லாம் ட்ராயர்லயே விட்டுட்டாங்க.

அக்கா பொண்ணு காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கா, அவளும் அம்மா மாதிரியே இறுக்கி கட்டறவளாம். அவளுக்கு சுருட்டை முடி வேற, ஈரத்துலதான் சீவணும், காஞ்சதும் சீப்பே தொடக்கூடாது, அதுக்கு தனியா சொல்லணும். ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல வர சொல்லியிருக்கேன்.