தண்ணி கேட்டவர்

இன்னைக்கு சர்ச் ஆராதனையில கடைசி பெஞ்ச்ல ஹிஜாப் போட்ட ஒரு அம்மா தனியா உக்காந்திருந்தாங்க, ரெண்டு பக்கமும் இடம் காலி, யாருமே போகல.

நானும்தான் போகல.

ஒரு சின்னப் பொண்ணு ஓடிப்போய் பக்கத்துல உக்காந்து, "ஆன்ட்டி, கொஞ்சம் தண்ணி குடுங்க"ன்னுச்சு. அவங்க பாட்டில் மூடியைத் திறந்து, சிந்தாம ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடுத்தாங்க. முகமே மலர்ந்துபோச்சு.

பைபிள்ல யோவான் 4-ஆம் அதிகாரம் ஞாபகம் வந்துச்சு. யூதர்கள் சமாரியரோட புழங்காத காலம் அது, கிணத்தடியில ஒரு சமாரியப் பொண்ணுகிட்ட இயேசு மொதல்ல உபதேசம் பண்ணல, தண்ணி கேட்டார், அப்புறம் அந்த ஊர்லயே 2 நாள் தங்கினார்.

நாம மட்டும் ஏன் எப்பவும் குடுக்குற இடத்துலயே நிக்கிறோம்? அவங்க கையால ஒண்ணு வாங்கிக்க ஏன் இவ்ளோ தயக்கம்?

ஆராதனை முடிஞ்சு வேகமா போனேன், பெஞ்ச் காலி. அந்தப் பொண்ணு மட்டும் வாசலைப் பாத்து கை ஆட்டிட்டு நின்னுச்சு.