தாவரவியல் புத்தகத்துக்குள் ஒரு காட்டுமிராண்டி

விடுதியில் என் பெட்டிக்குள் இருந்த ‘தாவரவியல்’ புத்தகத்தை எங்கள் வகுப்பில் பத்துப் பேராவது படித்திருப்பார்கள். பிரவுண் பேப்பர் உறைக்குள் இருந்தது அமெரிக்க எழுத்தாளர் ரொபர்ட் இ. ஹவார்டின் கோனன் என்ற காட்டுமிராண்டி வீரனின் கதைகள். 1966இல் லான்சர் பதிப்பகம் போட்ட மலிவுப் பதிப்பு. கொழும்பில் பழைய புத்தகக் கடையொன்றில் மாமா வாங்கித் தந்தது. ஃபிராங் ஃபிரசெட்டா வரைந்த அட்டையில் பிணக்குவியலின் மேல் கோனன் நிற்பான், காலடியில் ஒரு பெண். விடுதிப் பொறுப்பாளர் கண்ணில் பட்டால் புத்தகம் அவ்வளவுதான். அதனால்தான் உறை.

பக்கத்துக் கட்டில்காரன், திகில் கதை எழுதிய அமெரிக்கர் லவ்கிராஃப்டின் கட்சி. அவருடைய பூதத்தின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று ஒருவருக்கும் தெரியாது. ‘க்துலு’ என்றான் அவன். “கட்டிலுக்குக் கீழயோ மச்சான் இருக்கிறார்?” என்று நான் கேட்டதில் இரண்டு நாள் பேசவில்லை.

கோனன் திருடன், கடற்கொள்ளைக்காரன், கடைசியில் ராஜா. மந்திரவாதி எதிரே வந்தால் யோசிக்காமல் வெட்டுவான். லவ்கிராஃப்டின் ஆட்களோ பழைய கடிதம், பழைய ஏடு என்று தேடித் தேடிப் படித்து, பார்க்கக் கூடாததைப் பார்த்து, புத்தி பேதலித்துப் போவார்கள். அம்புலிமாமாவில் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன விக்கிரமாதித்தனோடு வளர்ந்த எனக்கு, பேயைப் பார்த்து மயங்கி விழும் அமெரிக்கப் பேராசிரியரிடம் சிரிப்புத்தான் வந்தது. “உன்ர ஆளுக்குக் கை மட்டுந்தான் வேலை செய்யும், மூளை இல்லை” என்பான் அவன். விளக்கணைத்த பிறகும் சண்டை ஓயாது.

ஹவார்டும் லவ்கிராஃப்டும் ஒரே சஞ்சிகையில் எழுதியவர்கள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. 1923இல் சிகாகோவில் தொடங்கிய ‘வியர்ட் டேல்ஸ்’ அது. கோனன் முதன்முதல் வந்தது 1932 டிசம்பர் இதழில். அந்தப் பழைய இதழ்களை நான் கண்ணால் கண்டது டொரொண்டோவுக்கு வந்த பிறகுதான். கொலேஜ் வீதி நூலகத்தின் வாசலில் இறக்கை வைத்த வெண்கல மிருகங்கள் இரண்டு உட்கார்ந்திருக்கும். மேலே விஞ்ஞானக் கதை, மாயக் கதைப் புத்தகங்களுக்கான மெரில் தொகுப்பு. எழுத்தாளர் ஜூடித் மெரில் 1970இல் தன் புத்தகங்களைக் கொடுத்துத் தொடக்கிவைத்தது. அந்த இதழ்களை வீட்டுக்குத் தரமாட்டார்கள், அங்கேயே இருந்துதான் படிக்கவேண்டும். தாள் பொரித்த அப்பளம் மாதிரி. புரட்டி முடித்து எழும்பினால் மேசையில் பழுப்புத் தூள்.

கதைகளைவிட வாசகர் கடிதங்களில்தான் நான் மாட்டிக்கொண்டேன். எந்தக் கதை முதல், எது குப்பை என்று ஒரே அடிபாடு. மார்கரெட் பிரண்டேஜ் என்ற பெண்மணி வண்ணச் சுண்ணத்தால் வரைந்த அரைகுறை ஆடை அட்டைகளுக்கு ஒரு பக்கம் வரவேற்பு, ஒரு பக்கம் திட்டு. எங்கள் பிரவுண் பேப்பர் பிரச்சினையை 1930களிலேயே அவர்கள் பட்டிருக்கிறார்கள்!

பெரிய அடி அதற்கப்புறம்தான். அந்தக் கால வாசகர்களின் முதல் செல்லம் ஹவார்டும் இல்லை, லவ்கிராஃப்டும் இல்லையாம். சீபரி குவின். அவர் சவச்சடங்குத் தொழிலாளருக்கான சஞ்சிகைக்கு ஆசிரியராக இருந்தவர். பேய்களை வேட்டையாடும் பிரெஞ்சு டாக்டர் ஜூல் டி கிராண்டனை வைத்துத் தொண்ணூறுக்கு மேல் கதை எழுதித் தள்ளியிருக்கிறார். மாதாமாதம் தெரிந்த முகம், தெரிந்த மீசை, கடைசியில் பேய் ஒழியும். சஞ்சிகைக்குக் காசு கொடுத்தவர்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. இன்று அவரைத் தேடிப் படிப்பவர்கள் கொஞ்சப் பேர்தான்.

என் ருசியும் மாறிவிட்டது. இப்போது அதே சஞ்சிகையில் எழுதிய கிளார்க் ஆஷ்டன் சிமித்தான். சூரியன் அணையப்போகும் காலத்தில், பூமியின் கடைசிக் கண்டத்தில் நடக்கும் அவருடைய கதைகளை அகராதி இல்லாமல் படிக்க முடியாது. மெதுவாகப் படிப்பதற்கு அது நல்ல சாட்டு.

கட்டில்காரன் இப்போது மெல்பேணில். குவின் விஷயத்தைப் போனில் சொன்னேன். வெகுநேரம் பேச்சில்லை.

“அப்ப நாங்கள் ரெண்டு பேரும் தோத்திட்டமோ?”

“ஓம்.”

“சரி, அந்தாளின்ர கதை ஒண்டு அனுப்பு.”

அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: “வேதாளம் பரவாயில்லை மச்சான்.”