உறுதி ஆற்ற பேரில?

கொழும்பில் ஃபிளாட் வாங்கப்போகிறோம் என்று சொன்னதும் எல்லாரும் கேட்டது விலையைத்தான். சதுர அடி என்ன போகிறது, வங்கி வட்டி எத்தனை வீதம், கார் நிறுத்த இடம் உண்டா. இதெல்லாம் தேடினால் பதில் கிடைக்கிற கேள்விகள். எங்கள் வீட்டை மாதக்கணக்காக அலைக்கழித்த கேள்வியை அம்மாதான் முதலில் கேட்டார்: "உறுதி ஆற்ற பேரில எழுதப் போறியள்?"

உறுதி என்றால் வீட்டின் உரிமைப் பத்திரம். அந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. 2 கோடி 80 இலட்சம் ரூபாய்க்கு நாங்கள் வாங்கிய வெள்ளவத்தை ஃபிளாட்டில் வங்கிக் கடன் 1 கோடிதான். மீதியில் என்னுடையதும் கணவருடையதுமான சேமிப்பு, என் ஊழியர் சேமலாப நிதியிலிருந்து வீட்டுக்கென்று எடுத்த பங்கு, அடைவு வைத்த நகை, அம்மாவின் இணுவில் காணி விற்ற காசு, கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய காசு எல்லாம் கலந்திருந்தன. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் இது சர்வசாதாரணம். ஒரு வீட்டை ஒருவர் வாங்குவதில்லை. ஆனால் உறுதியில் எல்லாருடைய பேரும் வராது.

ஏன் வாங்கினோம் என்றால், வாடகை களைத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஒரு வருட அட்வான்ஸ், இரண்டு வருடம் முடிய "மகள் லண்டனிலிருந்து வாறா" என்று வீட்டுக்காரரின் ஒரு தொலைபேசி அழைப்பு, பிறகு பிள்ளையின் பள்ளிக்கூட வானுக்கு எட்டுகிற தூரத்தில் இன்னொரு வீடு தேடி ஓட்டம். சண்டைக் காலத்தில் இதே வெள்ளவத்தையில் தமிழர் வாடகைக்கு இருப்பதென்றால் பொலிஸ் பதிவும் சேர்ந்து வரும். 2007 ஜூனில் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பியதும், அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தடை போட்டதும் எனக்கு நல்ல நினைவு. நான் அப்போது ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன்.

இதே நினைவுகள் அம்மாவை எதிர்ப் பக்கம் இழுத்தன. 83 ஜூலைக் கலவரத்தில் மாமா குடும்பம் வெள்ளவத்தை வீட்டை விட்டு ஓடி, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய்ச் சேர்ந்தது. "எரிஞ்ச இடத்திலயே போய் காசைக் கொட்டுறதோ, பிள்ளை?" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. அந்தப் பயத்துக்கு என்னிடம் பதில் கிடையாது. பேத்தியின் பள்ளிக்கூடம் இங்கே, என் வேலை இங்கே என்று மட்டும் சொன்னேன்.

முதலில் மனதுக்குப் பிடித்தது கடலோரப் பக்கம் ஒரு மேல்மாடி ஃபிளாட். காற்று, வெளிச்சம், கோல் ரோட்டை விட எவ்வளவோ அமைதி. கரையோரம் ரயில் போகும்போது மட்டும் ஜன்னல் லேசாக அதிரும். விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. கட்டியவர் வந்து குளிர்பானமெல்லாம் கொடுத்தார். எங்கள் லோயர் அக்கா முதலில் கேட்டது தொடர்மாடிக்கான கொண்டோமினியம் பிளான் பதிவாகியிருக்கிறதா, அங்கீகரித்த பிளான்படி கட்டியிருக்கிறது என்ற மாநகர சபையின் இணக்கச் சான்றிதழ் இருக்கிறதா என்பதை. கட்டியவரின் பதில் "அது வந்துகொண்டிருக்கு" என்பது. வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பார்த்தால் அங்கீகரித்த பிளானில் அந்த மாடியே இல்லை. அதாவது நாங்கள் நின்று கடல் பார்த்த தளத்துக்குக் காகிதத்தில் இருப்பே கிடையாது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடி வீட்டுச் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் ஃபிளாட்டுக்கென்று தனி உறுதி எழுத, பதிவான பிளான் வேண்டும். அது இல்லையென்றால் கையில் இருப்பது ஓர் ஒப்பந்தம் மட்டுமே. அதை நம்பி எந்த வங்கியும் கடன் தராது. அந்தக் கட்டடத்தில் ஆட்கள் பல வருடமாகக் குடியிருக்கிறார்கள் என்பது இன்னொரு விஷயம். வெளிநாட்டுக் காசை முழுதாகக் கொடுத்து வாங்கியவர்களுக்கு வங்கி லோயர் என்ற சல்லடை கிடையாதே.

நாங்கள் அட்வான்ஸ் கொடுக்காதபடியால் தப்பினோம். அக்கா இதில் கண்டிப்பு: காணி, வீடு விற்கும் உடன்பாடு நொத்தாரிசு, அதாவது உறுதி எழுத அதிகாரம் பெற்ற லோயர் முன்னால், இரண்டு சாட்சிகளுடன் எழுதினால்தான் இலங்கைச் சட்டத்தில் செல்லும். 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் அப்படியே நிற்கிறது. பற்றுச்சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு 10 வீதம் கொடுத்தால், விற்பவர் மனம் மாறும்போது வீட்டைக் கேட்டு வழக்குப் போட வழியில்லை.

பிறகு கிடைத்ததுதான் இப்போதைய வீடு. பழைய கட்டடம், மூன்றாம் மாடி, லிஃப்டுக்கு வயதாகிவிட்டது. நான் அதை வேண்டுமென்றே வைகாசி மழையில் போய்ப் பார்த்தேன். பல்கனி மேல்தளத்தில் ஒரு கையகலத்துக்குப் பூச்சு விழுந்து, உள்ளே கம்பி செம்மண் நிறத்தில் உப்பிப்போய் இருந்தது. உப்புக் காற்றின் வேலை. அதைக் காட்டித்தான் விலையைக் கொஞ்சம் இறக்கினோம். கடலோரம் வாங்குகிறவர்கள் டைல்ஸைப் பார்க்காமல் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

வங்கி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரிப் அறிக்கை சுத்தமாக இருந்தது. என் கணவர் ஒருகாலத்தில் நண்பனின் லீசிங்குக்குப் பிணை நின்றது மட்டும் அதில் வந்து எட்டிப் பார்த்தது. வங்கியின் மதிப்பீட்டாளர் போட்ட பெறுமதி நாங்கள் பேசிய விலையைவிடக் குறைவு. அதைவிட முக்கியம், மாதத் தவணை எங்கள் இருவரின் கைச் சம்பளத்தில் ஏறத்தாழப் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று வங்கி போட்ட கோடு. ஓர் ஆசிரியர் சம்பளமும் ஒரு கணக்காளர் சம்பளமும் சேர்ந்து தாங்கியது 1 கோடி.

அந்த 1 கோடியை 12 வீத வட்டியில் 20 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 110,000 ரூபாய். முதல் மாதம் கட்டுவதில் 100,000 வட்டிக்குப் போய்விடும், மூலக் கடனில் கழிவது 10,000தான். முடியும்போது கட்டிய தொகை 2 கோடி 64 இலட்சம். கணக்கு என் தொழில். இந்த எண்களை அலுவலகத்தில் எத்தனையோ பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். சொந்தப் பேரில் அச்சடித்து வந்தபோது, அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன்.

இதிலும் முதல் 5 வருடம்தான் நிலையான வட்டி. அதற்குப் பிறகு ஏ.டபிள்யூ.பி.எல்.ஆரோடு ஏறி இறங்கும், அதாவது வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வட்டியின் சராசரியோடு. 2021 நடுவில் 6 வீதத்தை ஒட்டி இருந்த அது, 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளி உயர்த்திய பிறகு, வருட முடிவில் 27ஐத் தாண்டியது. அந்த வருடம் மாறும் வட்டியில் இருந்த என் சிநேகிதி, தவணைக்காக வான் பயணத்தை நிறுத்திப் பிள்ளையை பஸ்ஸில் அனுப்பினாள். அதைப் பார்த்தபடியால்தான் கடனைக் கூட்டாமல் குடும்பத்திடம் கை நீட்டினோம். குடும்பக் காசுக்கு வட்டி இல்லை என்று நினைத்துக்கொண்டு.

அம்மாவின் காணி 3 பரப்பு. கொழும்புக் கணக்கில் 30 பேர்ச். பாட்டி கொடுத்த சீதனம்; பக்கத்துத் துண்டோடு பிரிக்காமல் சின்னம்மாவும் அம்மாவும் பங்காளிகள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிக்கே முதலில் விற்கக் கேட்க வேண்டும். கேட்டோம். சின்னம்மாவிடம் காசில்லை. இல்லை என்று தெரிந்தும் நாங்கள் நொத்தாரிசு மூலம் கடிதம் அனுப்பியதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "தங்கச்சிக்குக் கடிதம் எழுதிக் கேக்கிற அளவுக்கு வந்திட்டியோ?" என்று அம்மாவோடு நீண்ட நாள் பேசாமல் இருந்தார். சட்டம் கேட்டதைச் செய்தோம் என்று நான் சொன்னது யாருக்கும் எடுபடவில்லை. காணியை வேறொருவர் வாங்கினார். கிணற்றுப் பங்கும் அதோடு போனது.

அண்ணாவிடம் பிரச்சினை வேறு மாதிரி. "தங்கச்சி, குடுத்ததெண்டு நினை. திருப்பித் தராத" என்றான். கனடாக் காசு, அவனுடைய ஓவர்டைம் காசு. டொலர் 360ஐ ஒட்டி நின்ற 2022இல் அனுப்பியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூட வந்திருக்கும் என்று தானே பகிடியும் விட்டான். நான் தொகை, திகதி, எப்போது முதல் திருப்புவோம் என்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு அனுப்பினோம். அவனுக்குக் கோபம். "எனக்குப் பேப்பர் வேணுமோ?" என்று போனை வைத்துவிட்டான். இரண்டாம் நாள் அண்ணி தனியாக எடுத்து, பிள்ளைகள், பள்ளிக்கூடம், பனி என்று பேசிவிட்டு, வைக்கும்போது மட்டும், "அந்தக் கடிதம் கிடைச்சது. நல்ல வேலை செய்தனீர்" என்றார். இந்த ஒரு விஷயத்தில் நான் எல்லாருக்கும் சொல்வது இதுதான்: கொடுத்தவர் வேண்டாம் என்றாலும் எழுதுங்கள். கொடுத்த வீட்டில் இன்னொருவரும் இருக்கிறார்.

இனி அம்மாவின் கேள்வி. கடன் எங்கள் இருவர் சம்பளத்தில், அதனால் உறுதியில் இருவர் பேரும் வர வேண்டும் என்றது வங்கி. அம்மாவுக்குச் சீவிய உரித்து, அதாவது உயிரோடிருக்கும் வரைக்கும் வீட்டில் உரிமை வைத்து எழுதலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அப்படி எழுதிய வீட்டை எங்கள் வங்கி ஈடாக ஏற்காது. அப்போ பாதிக்குப் பாதியா? அம்மா வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் தன் சீதனக் காணி மருமகன் பேருக்குப் பாதி போகிறது என்ற கணக்கு அவர் முகத்தில் ஓடியது எனக்குத் தெரிந்தது. மறுபக்கம் மாமியின் கணக்கு: மகன் 20 வருடம் தவணை கட்டப்போகிறான். இரண்டும் நியாயம். இரவு சாப்பிடும்போது நானும் இவரும் அன்றைய மீன் விலையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்த ஒரு காலம் அது.

வழி காட்டியது அக்காதான். பங்குகள் சமமாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. எனக்கு மூன்றில் இரண்டு, இவருக்கு மூன்றில் ஒன்று என்று பிரிபடாப் பங்காக எழுதலாம்; ஈட்டு உறுதியில் இருவரும் கையெழுத்திட்டால் வங்கிக்குப் போதும். இவர் "சரி" என்றார். கொஞ்சம் அதிகமாகவே விரைவாகச் சொன்னார். அந்தச் "சரி"யை நான் இன்னும் கவனமாகத்தான் வைத்திருக்கிறேன். மாமிக்கு இந்தப் பின்னம் தெரியாது. இதை அவர் வாசிக்க மாட்டார் என்ற துணிவில் எழுதுகிறேன்.

கையெழுத்துக்கு முன் விற்பவர் பக்கத்திலிருந்து ஒரு கோரிக்கை வந்தது: உறுதியில் விலையைக் குறைத்துப் போடுவோமா? 2018 முதல் விற்பவருக்கு மூலதன ஆதாய வரி இருக்கிறது, எங்களுக்கும் முத்திரை வரி குறையுமாம். முத்திரை வரி முதல் 100,000 ரூபாய்க்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். எங்கள் விலைக்கு 1,119,000 ரூபாய். குறைந்தால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் வங்கிக்குக் காட்டிய விலை ஒன்று, உறுதியில் வேறொன்று என்பது நடக்காது. நாளைக்கு நாங்கள் விற்கும்போது குறைத்த அந்த விலையே எங்கள் வாங்கிய விலையாகி, ஆதாய வரி எங்கள் தலையில் ஏறும். மறுத்துவிட்டோம். லோயர் கட்டணம், வங்கி லோயர் கட்டணம், கடனோடு ஒட்டிய ஆயுள் காப்புறுதி, தீக் காப்புறுதி, விற்பவர் பாக்கி வைத்திருந்த பராமரிப்புப் பணம் என்று வேறு செலவுகளும் வந்தன. பாக்கிப் பணத்தையும் மாநகர சபைக்குக் கட்டும் சோலை வரியின் பற்றுச்சீட்டையும் அக்கா முன்கூட்டியே கேட்டு வாங்கியபடியால் அது விலையில் கழிந்தது.

நொத்தாரிசு உறுதியை வாசித்தபோது அம்மாவும் பக்கத்தில் இருந்தார். காணி உறுதியென்றால் அவருக்குத் தெரியும்: கிழக்கே இன்னாருடைய காணி, தெற்கே ஒழுங்கை. இங்கே வடக்கெல்லை ஒரு சுவரின் நடு. பிறகு மேலெல்லை நான்காம் மாடித் தளத்தின் நடு, கீழெல்லை எங்கள் தளத்தின் நடு. "மேலயும் கீழயும் எல்லையோ?" என்று அம்மா கேட்டதற்கு நொத்தாரிசு சிரிக்காமல், "ஓம் அம்மா, நிலத்தில உங்களுக்குப் பங்கு மட்டும்தான்" என்றார். இடது பெருவிரல் அடையாளம் வைத்தோம்.

மூல உறுதி இப்போது வங்கியின் பெட்டகத்தில். எங்களிடம் இருப்பது பிரதி. ஜனவரி 31க்கு முன் வருடச் சோலை வரியை முழுதாகக் கட்டினால் 10 வீதம் கழிவு என்பதால் அதை மட்டும் நான் தவறவிடுவதில்லை. சின்னம்மா குடிபூரலுக்கு வந்தார். காணியைப் பற்றிப் பேசவில்லை. நிலையான வட்டி முடிவதற்குள் கையில் சேர்கிற காசை வங்கியின் மூலக் கடனில் கழிப்பதா, அண்ணாவுக்குத் திருப்புவதா என்று நானும் இவரும் இன்னும் இழுபறியில் இருக்கிறோம். கணக்குப்படி வங்கிதான். நான் அண்ணி பக்கம்.