கிறிஸ்டோஃபர்சன் ஓட்டிய ஹெலிகாப்டர்கள்: கோப்பு தேடும் வேலை, இதுவரை

அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகரும் பாடலாசிரியருமான கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் 2024 செப்டம்பர் 28 அன்று ஹவாயில், 88 வயதில் காலமானார். அப்போது வந்த அஞ்சலிக் குறிப்புகளில் பெரும்பாலானவற்றில் ஒரு ஹெலிகாப்டர் தவறாமல் இருந்தது. அப்போதே பெரிய பாடகராக இருந்த ஜானி கேஷின் வீட்டுப் புல்வெளியில் வந்து இறங்கி, தன் பாட்டைக் கொடுத்துவிட்டுப் போன கதை. ஒருவர் அவரை விமானப்படை விமானி என்று எழுதியிருந்தார். இன்னொருவர் வியட்நாமில் பறந்தவர் என்றார். மூன்றாவது ஆள், புல்வெளியில் இறங்கியதே ராணுவத்தில் இருந்த காலத்தில்தான் என்று முடித்துவிட்டார். இசைக்கலைஞர்களின் பழைய ராணுவக் காகிதங்களைத் தேடிப் படிப்பது என் பொழுதுபோக்கு. மூன்று குறிப்பும் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடப்பதைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் எலும்புக்கூடு. இதில் சிரமம் இல்லை, ஏனென்றால் அவரே பல பேட்டிகளில் சொன்னவைதான். 1936ல் டெக்ஸாஸின் பிரவுன்ஸ்வில்லில் பிறப்பு. கலிஃபோர்னியாவில் பொமோனா கல்லூரி, 1958ல் பட்டம். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபர்டின் மெர்ட்டன் கல்லூரி, ஆங்கில இலக்கியம், 1960ல் அதுவும் முடிந்தது. அதே ஆண்டு அமெரிக்கத் தரைப்படை. அலபாமாவின் ஃபோர்ட் ரக்கரில் ஹெலிகாப்டர் பயிற்சி, தவிர ரேஞ்சர் பயிற்சி. மேற்கு ஜெர்மனியில் 8வது காலாட்படை டிவிஷன். கேப்டன் பதவி. 1965ல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை காத்திருந்தபோது ராஜினாமா செய்துவிட்டு, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் போனார். அங்கே கொலம்பியா ஒலிப்பதிவுக்கூடத்தில் தரை பெருக்கி, சாம்பல் கிண்ணம் காலி செய்யும் வேலை. ஆக்ஸ்ஃபர்டில் படித்த கேப்டன் துடைப்பம் பிடித்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதியாயிற்று, அதை விடுகிறேன். எனக்கு வேண்டியது 1960 முதல் 1965 வரை உள்ள ஐந்து ஆண்டு.

விமானப்படை என்ற குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்பது சுலபமாகவே பிடிபட்டது. அவருடைய அப்பா விமானப்படையில் மேஜர் ஜெனரல். அப்பா விமானப்படை, பிள்ளை விமானி. இரண்டையும் கூட்டினால் விடை தானாக வந்துவிடுகிறது. ஆனால் பிள்ளை பறந்தது தரைப்படைக்காக. அமெரிக்கத் தரைப்படைக்கு அந்தக் காலத்திலேயே சொந்தமாக ஹெலிகாப்டர்கள் ஏராளம்.

இங்கே தேடுகிறவர்களைச் சுற்றவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. தரைப்படையில் விமானப் பிரிவு தனிக் கிளையாக ஆனது 1983ல்தான். அதற்கு முன்பு ஒரு அதிகாரி காலாட்படையையோ பீரங்கிப் படையையோ வேறு ஏதாவது கிளையையோ சேர்ந்தவராக இருப்பார். விமானி என்பது அதற்கு மேல் கிடைத்த தகுதி. சட்டைக் காலரில் கிளையின் சின்னம் இருக்கும், இடது மார்பில் வெள்ளி இறக்கை இருக்கும். ஆகவே 1962ஆம் ஆண்டுக் காகிதங்களில் விமானப் பிரிவு என்ற தலைப்பின் கீழ் ஒரு அதிகாரியின் பெயரைத் தேடினால் அவர் அங்கே வராமலே போகலாம்.

படங்களைப் படிக்கப் பழகிக்கொண்டதும் இந்த வேலையில்தான். அமெரிக்கத் தரைப்படைச் சீருடையில் இடது தோளில் இருப்பது அப்போது பணியாற்றும் பிரிவின் பட்டை. 8வது டிவிஷன் என்றால் நீலக் கேடயம், அதில் வெள்ளை நிற 8, அந்த எட்டைக் கீழிருந்து மேலாகத் துளைத்துப் போகும் தங்க அம்பு. வலது தோள் வேறு கணக்கு. போர்க்களத்தில் எந்தப் பிரிவோடு இருந்தாரோ அதன் பட்டைதான் அங்கே ஏறும். வலது தோளில் ஒன்று இருந்தால் அந்த ஆள் எங்கோ போர்க்களத்தைப் பார்த்தவர். ஒன்றும் இல்லையென்றால் அதை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது, ஆனால் வியட்நாம் கதையை நம்புவதற்கு முன் நிச்சயம் யோசிக்க வேண்டும்.

வியட்நாம் கதைக்கு என் பதில் நேரடியானது: அவர் அங்கே போகவில்லை. போகத் தயாராக இருந்தார், தானாகவே கேட்கவும் செய்தார். கிடைத்தது வெஸ்ட் பாயின்ட் உத்தரவு. அமெரிக்கத் தரைப்படை, ஹெலிகாப்டர், 1965 என்ற மூன்றும் ஒரே வரியில் வந்தால் படிக்கிறவர் மனது தானாக வியட்நாமுக்குப் போய்விடுகிறது. அவர் இருந்த டிவிஷனின் தலைமையகமோ ரைன் பக்கத்து ஊரான பாட் க்ராய்ஸ்னாக்கில் இருந்தது. அது பனிப்போர்க் காலத்துக் காவல் வேலை. பயிற்சியும் காத்திருப்பும் நிறைய, சண்டை கிடையாது. அங்கே அவர் ஒரு இசைக்குழு சேர்த்துப் பாடிக்கொண்டிருந்ததற்கும் அந்தக் காத்திருப்புக்கும் தொடர்பு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, காகிதத்துக்கு வருவோம். அமெரிக்க ராணுவத்தினரின் தனிநபர் கோப்புகள் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் இருக்கின்றன. இந்தப் பொழுதுபோக்கில் யார் இறங்கினாலும் முதலில் தெரிந்துகொள்வது 1973 ஜூலை 12ஐத்தான். அன்று அந்த மையத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. ஒரு கோடியே அறுபது லட்சத்திலிருந்து ஒரு கோடியே எண்பது லட்சம் கோப்புகள் வரை போயின. நகல் இல்லை, மைக்ரோஃபிலிம் இல்லை, எந்தப் பெட்டியில் யாருடைய கோப்பு என்ற அட்டவணைகூட இல்லை. கட்டடத்தின் அந்தப் பகுதியில் தீயணைக்க நீர் தெளிக்கும் குழாய் அமைப்பும் இல்லை. தீ தின்றது போக மிச்சத்தைத் தண்ணீரும் பூஞ்சையும் தின்னப் பார்த்தன. நனைந்த கட்டுகளைப் பெரிய வெற்றிட அறையில் வைத்து உலர்த்தினார்கள்.

எரிந்தது எது என்பதற்குத் தெளிவான எல்லை இருக்கிறது. தரைப்படையில் 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை பணி முடித்தவர்களின் கோப்புகளில் ஏறக்குறைய 80 சதவீதம். விமானப்படையில் 1947 முதல் 1964 தொடக்கம் வரை பணி முடித்தவர்களில், பெயர் அகரவரிசையில் 'ஹப்பர்ட்' என்பதற்குப் பின்னால் வருகிறவர்களின் கோப்புகளில் சுமார் 75 சதவீதம். இந்த இரண்டாவது விதியைப் படித்ததும் எனக்கு ஜானி கேஷ் ஞாபகம் வந்தது. அவர் 1950 முதல் 1954 வரை விமானப்படை ஆள். ஜெர்மனியின் லாண்ட்ஸ்பர்கில் தரையில் உட்கார்ந்து சோவியத் மோர்ஸ் குறிகளை ஒட்டுக்கேட்டு எழுதியவர், பறந்தவர் இல்லை. ஆண்டுக் கணக்கில் அவர் சரியாகத் தீயின் நடுவில் மாட்டுகிறார். ஆங்கில எழுத்து வரிசையில் 'சி' முன்னால் வருவதால் அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறார்.

கிறிஸ்டோஃபர்சனுக்கு எழுத்து வரிசை கவலையே இல்லை. தரைப்படை, 1965ல் விலகல். தீயின் எல்லை 1960 பிறக்கும்போதே முடிந்துவிடுகிறது.

கோப்பு பிழைத்திருப்பது வேறு, நம் கைக்கு வருவது வேறு. பணியிலிருந்து விலகி 62 ஆண்டு ஆன கோப்புதான் பொது ஆவணமாகி, யார் வேண்டுமானாலும் பணம் கட்டி முழு நகல் வாங்கலாம் என்ற நிலைக்கு வரும். 1965உடன் 62ஐக் கூட்டினால் 2027. ஆனால் இது எந்தத் தேதியை விலகல் என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. முழுநேரப் பணியை விட்ட பிறகும் ஒருவர் ரிசர்வ் பட்டியலில், அதாவது தேவைப்பட்டால் திரும்ப அழைக்கப்படுகிறவர்கள் பட்டியலில், சில ஆண்டு இருந்திருக்கலாம். அப்படியானால் 62 அங்கிருந்துதான் ஓடத் தொடங்கும். புகழ்பெற்றவர்கள் என்று ஆவணக் காப்பகம் தனியாகப் பட்டியலிட்டு, இறந்து பத்து ஆண்டில் கோப்பைத் திறந்துவிடும் வழியும் உண்டு. அந்த வழியில் போனால் 2034.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ், திறக்காத கோப்பிலிருந்தும் சில விவரங்களை யார் கேட்டாலும் தருவார்கள்: பணித் தேதிகள், பதவி, பணியாற்றிய இடங்கள், பயிற்சி, பதக்கங்கள். கேட்பதற்கான படிவம் எஸ்எஃப் 180. அதில் சேவை எண் கேட்கிறார்கள். தரைப்படை 1969 வரை சமூகப் பாதுகாப்பு எண்ணைப் பயன்படுத்தாமல் தனி எண்தான் கொடுத்து வந்தது, அதிகாரிகளின் எண்ணுக்கு முன்னால் 'ஓ' என்ற எழுத்து வரும். எண் இல்லாவிட்டாலும் முழுப்பெயர், பிறந்த தேதி, ஊர், படைப் பிரிவு, ஆண்டுகள் போதும். இறந்தவர் என்பதற்குச் சான்றாக ஒரு செய்தித்தாள் அஞ்சலிக் குறிப்பையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

நான் உண்மையில் எதிர்பார்ப்பது ஒரே ஒரு வரி: எந்த கம்பெனி, அதாவது டிவிஷனுக்குள் எந்தச் சிறு படைப்பிரிவு. டிவிஷன் என்றால் பல்லாயிரம் பேர், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எதையும் தோண்ட முடியாது. கம்பெனி பெயர் கிடைத்துவிட்டால் அதன் காலை அறிக்கைகளைக் கேட்கலாம். ஒவ்வொரு கம்பெனியும் தினமும் எழுதிய தாள் அது. யார் வந்து சேர்ந்தார், யார் விடுப்பில் போனார், யார் மருத்துவமனையில், யார் மாற்றலாகிப் போனார் என்று ஆள் கணக்கில் மாறியதை மட்டும் பதிவார்கள். எரிந்துபோன கோப்புகளை மீட்டெடுக்க அந்த மையமே நம்பியிருப்பதும் இதைத்தான்.

இனி அந்தப் புல்வெளி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஆனால் ராணுவப் பணியோடு கொஞ்சமும் சேராத பகுதி. கேஷ் வீட்டில் இறங்கியது 1960களின் கடைசியில், அதாவது கேப்டன் பதவியை விட்டு ஆண்டுகள் கழித்து. அப்போது அவருக்குச் சோறு போட்டது லூசியானாவின் லஃபாயெட்டைத் தளமாகக் கொண்ட பெட்ரோலியம் ஹெலிகாப்டர்ஸ் நிறுவனம். மெக்ஸிகோ வளைகுடாவின் எண்ணெய் மேடைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை. ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் நாஷ்வில்லில் பாட்டு விற்கும் அலைச்சல். 'ஹெல்ப் மீ மேக் இட் த்ரூ தி நைட்' ஒரு எண்ணெய் மேடையின் மேல் உட்கார்ந்து எழுதியது என்று அவரே சொல்லியிருக்கிறார். புல்வெளியில் இறங்கியது, மாநில அரசுகளின் கீழ் இயங்கும் தேசியக் காவல்படையின் ஹெலிகாப்டர் என்று பலர் சொல்கிறார்கள். அப்படியானால் அது மூன்றாவது கணக்கு, அதற்கான காகிதம் செயின்ட் லூயிஸில் இல்லாமல் மாநில அரசின் ராணுவ அலுவலகத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். தரைப்படை, எண்ணெய் நிறுவனம், காவல்படை என்று மூன்று தனித்தனிப் பறப்பு. அஞ்சலிக் குறிப்புகள் மூன்றையும் ஒரே ஹெலிகாப்டரில் ஏற்றிவிட்டன.

ஒரு கையில் பீர், இன்னொரு கையில் டேப்போடு அவர் இறங்கி வந்தார் என்பது கேஷ் சொன்ன கதை. கிறிஸ்டோஃபர்சன் அதைச் சிரித்துக்கொண்டே மறுத்தார்: ஹெலிகாப்டர் ஓட்ட இரண்டு கையும் வேண்டும், கேஷ் அன்று வீட்டில் இருந்ததாகவே நினைவில்லை என்று. அந்த இரண்டு கை விஷயத்தை வீட்டுக் கணினியின் சிமுலேட்டரில் பெல் 47 என்ற பழைய ஹெலிகாப்டரை வைத்துச் சோதித்தேன். போகும் திசையை ஆளும் சைக்ளிக் தடியை வலது கை விடவே முடியாது. இடது கையில் ஏற்ற இறக்கத்தை ஆளும் கலெக்டிவ் நெம்புகோல், அதன் நுனியில் பைக் ஆக்ஸிலரேட்டர் போலத் திருகும் பிடி. இறங்கும் நேரத்தில் கலெக்டிவைக் கொஞ்சம் தூக்கினால் இறக்கையின் சுழற்சி தளர்கிறது. ஈடுகட்டப் பிடியைத் திருகினால் மூக்கு ஒரு பக்கம் திரும்புகிறது. அதைக் காலால் பெடலை மிதித்து நேராக்க வேண்டும். இத்தனையும் ஒரே மூச்சில். பீருக்குக் கை இல்லை. ஆனால் கேஷ் சொன்னது வண்டி தரையைத் தொட்டு, ஆள் வெளியே வந்த பிறகு நடந்ததை. ஆகவே இந்த வாதத்தால் கேஷ் தோற்றதாகச் சொல்ல முடியாது. யார் சொன்னது சரி என்று எந்த ஆவண மையமும் எனக்குச் சொல்லப் போவதில்லை, எனவே அந்தக் கதையை என் குறிப்பேட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

இப்போது நிலவரம் இதுதான். எஸ்எஃப் 180க்குப் பதில் வர வேண்டும். கோப்பு முழுதாகத் திறக்கும் நாளில் முதலில் புரட்டப்போவது டிடி 214 எனப்படும் பணி விடுவிப்புத் தாளை. கடைசியாக இருந்த பிரிவும் வெளிநாட்டில் கழித்த காலமும் அதில் இருக்கும். அடுத்து 759 என்ற எண் கொண்ட பறப்புப் பதிவு. எந்த வகை ஹெலிகாப்டரில் எத்தனை மணி நேரம் என்று தரைப்படை விமானிகளுக்கு எழுதி வைத்த தாள் அது. கோப்போடு சேர்ந்து தப்பியிருந்தால் ஜெர்மனியில் அவர் எதை ஓட்டினார் என்பது அதில் தெரிந்துவிடும். அதற்குள் கம்பெனி பெயர் கிடைத்தால், காலை அறிக்கைகளைக் கேட்டு அடுத்த கடிதம் போகும்.