கம்பத்து நிழலில் ஆறாவது ஆள்

மே 4

இந்தக் கோடை முழுக்க ஊரைப் படமெடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான் எல்லை, கையில் 35 மி.மீ. லென்ஸ் ஒன்றுதான். முதல் நாள் என்பதால் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட்டேன். மஞ்சள் வெளிச்சம், நீள நீளமான நிழல்கள், அப்போதுதான் கழுவி விட்டது போன்ற தெரு. நாற்பது படம் தேறியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாமே அழகாக இருக்கின்றன, ஒன்றில்கூட வெயில் இல்லை. காலண்டருக்குக் கொடுக்கலாம்.

மே 5

உச்சி வெயிலில் படமெடுக்காதே என்பது பால பாடம். சூரியன் தலைக்கு நேராக நிற்கும்போது கண்குழிகள் கறுத்துவிடும், வெள்ளைச் சட்டை வெளிறிவிடும். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த மாதத்தின் முகமே அதுதானே? பன்னிரண்டரைக்குப் போனேன். தெருவில் ஈ, காக்கை இல்லை. திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டு, மூன்றரைக்கு மறுபடி கிளம்பினேன்.

பேருந்து நிறுத்தத்தில் கூரை கிடையாது, விளக்குக் கம்பம் ஒன்று உண்டு. அதன் நிழல் ஒரு முழ அகலம்கூட இருக்காது. அதற்குள் ஐந்து பேர், ஒருவர் பின் ஒருவராக, கயிறு பிடித்து நிறுத்தினாற்போல் நிற்கிறார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நிழல் கொஞ்சம் நகர்ந்தால் ஐந்து பேரும் அரை அடி நகர்கிறார்கள்.

கேமராவை அதன் போக்கில் விட்டால், பளீரென்ற சிமெண்டைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். ஐந்து பேரும் கரிக்கோடு ஆகிவிடுவார்கள். ஃபிலிம் காலத்துக் கணக்கு ஒன்று உண்டு: நல்ல வெயிலில் லென்ஸின் துளையை எஃப்/16-க்குச் சுருக்கி வைத்தால், ஒளிக்கான உணர்திறனைச் சொல்லும் ஐஎஸ்ஓ எண்ணையே ஷட்டர் வேகத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். ஐஎஸ்ஓ 100 என்றால் ஏறத்தாழ 1/125 வினாடி. நிழலில் நிற்பவர்களுக்கு மூன்று ஸ்டாப் கூடுதலாக, துளையை எஃப்/5.6-க்குத் திறக்க வேண்டும்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு. நான் ஆட்களுக்கு அளந்து வைத்தேன். சாலை வெந்து வெள்ளையாகிவிட்டது. ஆகட்டும், அந்த நேரத்தில் கண்ணுக்கும் அது அப்படித்தான் தெரிகிறது.

கடைசியில் நின்றிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

“என்ன தம்பி எடுக்கறீங்க?”

“நிழலைத்தாங்க ஐயா.”

“அதை ஏன் வெயில்ல நின்னு எடுக்கறீங்க? இப்படி வாங்க, இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கு.”

போய் ஆறாவதாக நின்றேன். அதற்கப்புறம் படம் எதுவும் எடுக்கவில்லை.

மே 7

ஒன்றுமில்லை. ஏசி அறையில் இருந்த கேமராவை அப்படியே வெளியே எடுத்துப் போனதால் லென்ஸ் முழுக்க ஆவி பூத்துவிட்டது. பைக்குள்ளேயே வைத்து அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக விட்டிருக்க வேண்டும். துடைத்தேன், மறுபடி பூத்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மே 9

விதியை மீறி, தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் 200 மி.மீ. லென்ஸை நண்பரிடம் இரவல் வாங்கிப் போனேன். தூரத்தில் சைக்கிள்காரர் ஒருவர் கானலுக்குள்ளிருந்து வருகிறார், கீழ்ப்பாதி நெளிகிறது. எடுத்ததில் ஒன்றுகூட ஷார்ப்பாக இல்லை. லென்ஸைத் திட்டிப் பயனில்லை. சூடான தார்ச்சாலைக்கு மேலே காற்று அடுக்கடுக்காக வெவ்வேறு சூட்டில் இருக்கிறது, ஒவ்வொரு அடுக்கும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கிறது. எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடியாலும் அதை நேராக்க முடியாது. பக்கத்தில் போவதுதான் வழி. ஒரு படத்தில் மட்டும், சக்கரமே இல்லாமல் மிதந்து வருகிறார். அதை வைத்துக்கொண்டேன்.

மே 12

பள்ளி விடுமுறை. சந்துக்குள் பிள்ளைகள் தண்ணீர்க் குழாயைப் பிடித்து ஒருவர்மேல் ஒருவர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஷட்டரை 1/1000 வினாடிக்கு வைத்தால் ஒவ்வொரு சொட்டும் கண்ணாடி மணியாக நிற்கும். கேமராவைப் பார்த்ததும் அத்தனை பேரும் வரிசை கட்டி நின்று பல்லைக் காட்டினார்கள். போச்சு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாக்களில் ஒருவர், “முகம் வேண்டாங்க” என்றார். நியாயம். யார் வீட்டுப் பிள்ளை முகமோ என் நாட்குறிப்பில் எதற்கு?

அதனால் கீழே பார்த்தேன். ஈரக்காலோடு ஒருவன் சிமெண்டில் ஓடியிருக்கிறான். கடைசிச் சுவடு கறுப்பாக, ஐந்து விரலோடு. அதற்கு முந்தையதில் குதிகால் வெளிறத் தொடங்கிவிட்டது. அப்படியே பின்னால் போகப் போக மங்கி, எட்டாவது வெறும் கட்டைவிரல் மட்டும். கேமராவைத் தூக்கி, ஃபோகஸ் செய்து, அழுத்துவதற்குள் கட்டைவிரலும் போய்விட்டது. இந்த வாரத்தில் எனக்குப் பிடித்த படம் இதுதான்.

மே 16

வெளியே போக முடியாத புழுக்கம். வீட்டில் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்படம் பிரான்சில் நியெப்ஸ் தன் வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்தது, 1826 அல்லது 1827. தகட்டில் படம் பதிய அவ்வளவு நேரம் பிடித்ததால், அதற்குள் சூரியன் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது. கட்டடங்களின் இரு பக்கச் சுவர்களிலும் வெயில் விழுகிறது. 1838-இல் அவருடைய கூட்டாளியாக இருந்த டகேர் எடுத்த பாரிஸ் தெருவில் வண்டிகளும் கூட்டமும் போய்க்கொண்டிருந்திருக்கும். படத்தில் தெரு காலி. ஷூவுக்குப் பாலிஷ் போட நின்ற ஒருவர் மட்டும் அசையாததால் பதிந்திருக்கிறார்.

உடனே அந்தக் கம்பம் ஞாபகம் வந்தது.

மே 18

பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர், அதாவது ஒளியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும் கறுப்புக் கண்ணாடி. 1/125 வினாடி இப்போது எட்டு வினாடியாகிவிடுகிறது. முக்காலியைப் போட்டுக்கொண்டு மூன்றரைக்கு நிறுத்தத்துக்கு எதிரே நின்றேன்.

நினைத்தபடி ஊர்திகள் காணாமல் போய்விட்டன. ஆனால் வரிசையில் நின்றவர்களும் புகையாகிவிட்டார்கள். ஒருவர் விசிறிக்கொண்டார், ஒருவர் பேருந்து வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தார். கத்தி போல ஷார்ப்பாக விழுந்தவை இரண்டுதான்: கம்பம், நிழலின் நுனியில் படுத்திருந்த நாய்.

பெரியவரிடம் திரையைக் காட்டினேன்.

“நான் எங்க?”

“அசைஞ்சிட்டீங்க ஐயா.”

“நாய் மட்டும் நல்லா இருக்கே.” கொஞ்சம் வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது. “எத்தனை வினாடி?”

“எட்டு.”

“நாளன்னைக்கு வாங்க. நிக்கறேன்.”

மே 20

காலையிலிருந்தே மேகம். நிழல் இல்லாததால் வரிசையும் இல்லை. ஆளுக்கு ஒரு பக்கமாகச் சிதறி, பேசிக்கொண்டு நிற்கிறார்கள். நாயையும் காணோம். பெரியவர் மட்டும் கம்பத்தை ஒட்டி, கையைத் தொடையோடு சேர்த்து விறைப்பாக நிற்கிறார். எப்போதிலிருந்து அப்படி நிற்கிறாரோ தெரியவில்லை. அவசரமாக முக்காலியை விரித்து, மேகத்துக்காக எஃப்/5.6-க்குத் திறந்து, ஷட்டரை அழுத்திவிட்டு வாய்விட்டே எண்ணினேன்.

ஏழாவது வினாடியில் அவருடைய பேருந்து வந்துவிட்டது.