கையெழுத்துப் போடுவதற்கு முன் எட்டு மாதங்கள்

என் அண்ணன் பத்தொன்பது நாட்கள் வென்டிலேட்டரில் இருந்தார். மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவுக்குப் பிறகு அவருக்கு நினைவு திரும்பவே இல்லை. ஒவ்வொரு மாலையும் மருத்துவர் எங்களை அழைத்து, "தொடரலாமா, என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்பார். அண்ணி என்னைப் பார்ப்பார், நான் அண்ணன் மகனைப் பார்ப்பேன், யாரும் வாய் திறக்காமல் வெளியே வந்துவிடுவோம். அண்ணன் எதை விரும்பியிருப்பார் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியை என் மகளின் தலையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது என்ற எண்ணத்தில்தான், அறுபத்து மூன்றாவது வயதில், வாழும்போதே நடைமுறைக்கு வரக்கூடிய மருத்துவ உயிலைப் பற்றி, அதாவது நினைவிழந்து பேச முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் தாளைப் பற்றி, விசாரிக்கத் தொடங்கினேன்.

சட்டம் எனக்குத் தடையாக இருக்கவில்லை. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2018 மார்ச் 9 அன்று, கண்ணியத்துடன் இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று கூறி இத்தகைய உயிலை ஏற்றுக்கொண்டது. அப்போது மாஜிஸ்திரேட்டும் அதில் மேலொப்பமிட வேண்டும் என்று இருந்ததால் பெரும்பாலோருக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. 2023 ஜனவரியில் அந்த விதியைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளுடன் நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றார்கள். நான் போன நோட்டரி வழக்கறிஞர் வரைவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சொத்து விவரத்தைக் காணோமே, எத்தனை சென்ட்?" என்று கேட்டார். அவர் மேல் குறை சொல்ல முடியாது; உயில் என்றால் நம் ஊரில் நிலமும் வீடும்தானே.

தாமதம் வீட்டுக்குள்ளேதான் ஏற்பட்டது. மஸ்கட்டில் இருக்கும் மகன், "நாளைக்கே புது மருந்து வந்தால் என்ன செய்வீர்கள் அப்பா?" என்று தொலைபேசியில் கோபப்பட்டான். எனக்கு நினைவு இருக்கும் வரை இந்தத் தாளுக்கு வேலையே இல்லை என்பதையும், எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் இதை நான் ரத்து செய்யலாம் என்பதையும் அவனுக்கு விளக்கினேன். அதோடு, இந்த ஒரு தாளை நீட்டியவுடன் எவரும் கருவியை நிறுத்திவிட முடியாது. சிகிச்சை தரும் மருத்துவரும் குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் அடங்கிய முதல் குழு, மீள வழியில்லை என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு, முதல் குழுவில் இல்லாத மருத்துவர்களைக் கொண்ட இரண்டாவது குழுவும் அதை ஏற்க வேண்டும். அவன் பாதி சமாதானமானான். ஆனாலும் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். முடிவு சொல்ல வேண்டியவர்களாக ஒருவருக்கு மேற்பட்டோரைக் குறிப்பிடலாம் என்பதால் மனைவியின் பெயரையும் மகளின் பெயரையும் எழுதினேன்.

மனைவி வென்டிலேட்டர் பற்றிய வரியை ஒரு வார்த்தையும் பேசாமல் கடந்தாள். மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு செலுத்த வேண்டாம் என்ற வரிக்கு வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டாள். "சோறு போடாமல் விட்டவள் என்று என் மேல் எழுதி வைக்கப் போகிறீர்களா?" என்றாள். உயிர் பிரியும் நேரத்தில் வாயில் பால் ஊற்றி அனுப்புகிற குடும்பங்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கேள்வியை எப்படித் தட்டிவிட முடியும்? இரண்டு மாதங்கள் வரைவு அலமாரியிலேயே கிடந்தது. பிறகு வலிநிவாரண சிகிச்சை மருத்துவர் ஒருவரிடம் அவளையும் அழைத்துக்கொண்டு போனேன். கடைசி நாட்களில் உடலே பசியைக் கைவிட்டுவிடும் என்றும், அந்த நிலையில் வலிந்து செலுத்தும் உணவு நுரையீரலுக்குள் போய்த் தொல்லை தரக்கூடும் என்றும், நாக்கு வறளாமல் பஞ்சால் நனைத்துக்கொண்டிருப்பதே பெரிய உதவி என்றும் அவர் பொறுமையாகச் சொன்னார். இது கருணைக்கொலை அல்ல, வலிக்கான மருந்து எதுவும் நிற்காது என்பதையும் அவர்தான் அவளுக்குத் தெளிவுபடுத்தினார்.

என் வரைவிலிருந்த பெரிய பிழையையும் அவரே காட்டினார். "வென்டிலேட்டர் வேண்டாம்" என்று மொட்டையாக எழுதியிருந்தேன். நிமோனியா வந்து நான்கு நாட்கள் கருவியில் இருந்துவிட்டு எழுந்து நடப்பவர்களும் உண்டு. அந்த வாய்ப்பையும் இந்த வரி கெடுத்துவிடாதா என்று கேட்டார். குணமாகும் வாய்ப்பு உள்ளவரை எல்லாச் சிகிச்சையும் வேண்டும், அது இல்லை என்று இரு குழுக்களும் உறுதி செய்த பிறகு செயற்கையாக உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று மாற்றி எழுதினேன்.

எட்டாவது மாதம், பக்கத்து வீட்டுக்காரரும் என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் சாட்சிகளாக நிற்கக் கையெழுத்திட்டேன். குடும்ப மருத்துவருக்கும் மகளுக்கும் ஆளுக்கொரு நகல் கொடுத்தேன். உள்ளாட்சி அலுவலகத்துக்கும் ஒரு நகல் போக வேண்டும். அங்கிருந்த எழுத்தர் எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று நெடுநேரம் யோசித்துவிட்டு, கடைசியில் முத்திரை வைத்து வாங்கிக்கொண்டார். உணவைப் பற்றிய வரிக்குக் கீழே, "நாவை நனைக்கப் பாலோ தண்ணீரோ தருவதற்குத் தடையில்லை" என்று மனைவி சொல்லச் சொல்ல நான் எழுதிய வாக்கியம் எல்லா நகல்களிலும் இருக்கிறது.