சாவி, திருகு, மூக்கு: கொழிஞ்சாம்பாறை நாட்குறிப்பு

ஜனவரி 3
கிழக்குக் காற்று விடவில்லை. வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் மூக்கடைப்பு. பத்து வயதுக்காரிக்கு ஹைராக்ஸ், அதாவது மேல் அண்ணத்தை விரிக்கும் திருகுக் கருவி, ஒட்டியாயிற்று. கடைவாய்ப் பல்லில் பேண்ட் என்ற உலோக வளையம், அதை ஒட்ட கிளாஸ் அயனோமர் சிமென்ட். திருகின் அம்புக்குறி தொண்டைப் பக்கம் பார்க்கிறதா என்பதைச் சிமென்ட் கலக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

"இதப் போட்டா கொறட்டை நின்னுருமுங்களா, டாக்டரம்மா?"

மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே விழும் குறுக்குக் கடியைச் சரிசெய்யத்தான் போட்டிருக்கிறது. குறட்டைக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

ஜனவரி 4
அம்மாவுக்குத் திருகைச் சுற்றும் சாவி பழக்கியது. சாவியில் நூல் கட்டி, நூலை விரலில் சுற்றிக்கொள்ள வேண்டும். கை நழுவினால் தொண்டைக்குள் போய்விடும். முன் துளையில் நுழைத்து, அடுத்த துளை முழுதாகத் தெரியும்வரை பின்பக்கம் தள்ளணும். அரைகுறையாக நிறுத்தினால் அடுத்த வேளை சாவி உள்ளே போகாது. எடுக்கும்போது நேரே முன்னால் இழுத்தால் திருகு திரும்பிவிடும். பின்னோக்கிச் சாய்த்து எடுக்கணும். ஒரு கால் சுற்று 0.25 மி.மீ. காலை ஒன்று, இரவு ஒன்று.

ஜனவரி 5
மூக்குத்தண்டில் அழுத்தமாம். சில நிமிடத்தில் போய்விடுகிறது. சரிதான்.

ஜனவரி 8
அண்ணத்தின் மேல்பக்கம்தான் மூக்கின் தரை. அண்ண எலும்பின் இரு பாதிகளும் சேரும் நடுப்பொருத்து பிளந்தால் அந்தத் தரையும் அகலும், பக்கச் சுவர்களும் கொஞ்சம் விலகும். ஒடுங்கிய குழாயில் ஆரம் சற்றே கூடினாலும் காற்றுக்கான தடை மளமளவென்று குறையும். சீரான ஓட்டத்தில் தடை ஆரத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ். மூக்குக்குள் காற்று அவ்வளவு சீராக ஓடுவதில்லை என்பதால் கணக்கு அப்படியே பொருந்தாது. போக்கு அதுதான்.

ஆனால் அகலம் முன்னாலும் கீழேயும்தான் அதிகம். பின்னால் குறைவு. மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேலே உள்ள சதை அடினாய்டு; அது இருக்கும் இடத்தில் திருகுக்கு வேலையே இல்லை. இரு மூக்குத் துவாரங்களுக்கு இடையே வளைந்திருக்கும் நடுத்தண்டு நிமிர்ந்துவிடும் என்றும் நம்பக்கூடாது. 1860இல் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் திருகு வைத்து அண்ணத்தை விரித்தார். 1961இல் ஹாஸ் என்ற பல் சீரமைப்பு மருத்துவர் எழுதிய பிறகுதான் பரவலாயிற்று. அன்றும் இன்றும் முதல் கேள்வி ஒன்றே: அடைப்பு எங்கே?

ஜனவரி 10
காலையிலேயே ஃபோன். "முன்னாடிப் பல்லு ரெண்டும் வெலகிப்போச்சுங்க!" நிம்மதி. பொருத்து பிளந்திருக்கிறது. திருகு திறந்த அளவில் ஏறக்குறைய பாதி பல்லிடையில் தெரியும். ஈறு நார்கள் இழுத்துப் பிறகு தானே மூடும். எக்ஸ்ரேயில் முன்னால் அகன்று பின்னால் ஒடுங்கிய பிளவு.

இடைவெளி வராமல் கடைவாய்ப் பல் மட்டும் வெளியே சாய்ந்திருந்தால் உடனே நிறுத்தியிருப்பேன். அது எலும்பு விரிவதல்ல, பல் கவிழ்வது. வெளிப்பக்க எலும்பு தேயும். பதினைந்து வயதுக்கு மேல் இந்தப் பயம் கூடிக்கொண்டே போகும். பெரியவர்களுக்கு அண்ண எலும்பிலேயே மினி ஸ்குரூ, இல்லையென்றால் அறுவை.

ஜனவரி 14
பொங்கல். கரும்பு கடிக்கவே கூடாது, பேண்ட் கழன்றுவிடும், சாறு குடிக்கலாம். சர்க்கரைப் பொங்கல் திருகுக்கு மேலே போய் அடைந்துகொள்ளும். ஊசியில்லாத சிரிஞ்சில் வெந்நீர் பீய்ச்சிக் கழுவச் சொன்னேன்.

ஜனவரி 16
தூங்கும் வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். வாய் திறந்தேதான் இருக்கிறது. பகலில் மூக்கில் காற்று சுலபமாகப் போகிறது என்கிறாள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். பழக்கத்தால் திறந்த வாயா? பின்னால் அடைப்பா? வீடியோவில் ஓரிடத்தில் மூச்சு நின்று, திணறி மறுபடி வருகிறது. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஜனவரி 18
மேல் கடைவாய்ப் பல்லின் உள்முனை, கீழ்ப்பல்லின் வெளிமுனையைத் தொட்டுவிட்டது. போதும். சற்று அதிகமாகவே விரித்தது திரும்பி ஒடுங்குவதற்கான இருப்பு. திருகைக் கம்பியால் கட்டி, துளையைப் பல் அடைக்கும் காம்போசிட்டால் மூடியாயிற்று. பிளவில் எலும்பு நிரம்ப மூன்று முதல் ஆறு மாதம். அதுவரை கழற்றக்கூடாது, அழுதாலும்.

ஜனவரி 19
காற்று இன்னும் மோசம். ஒவ்வாமை வீக்கம் இருக்கும்வரை அகலப்படுத்திய வழியையும் சளிச்சவ்வே அடைத்துக்கொள்ளும். தும்மல் மருந்தை நிறுத்திவிட்டார்களாம்! மறுபடி தொடங்கச் சொன்னேன்.

ஜனவரி 21
காது மூக்குத் தொண்டை மருத்துவருக்குக் கடிதம். டான்சில் பெரிது, அடினாய்டுக்குப் பக்கவாட்டுப் படம் தேவை, தூக்கப் பரிசோதனையும். தூக்கத்தில் மணிக்கு ஒரு முறைக்கு மேல் மூச்சடைப்பு இருந்தாலே பிள்ளைகளுக்கு அது நோய்தான். டான்சில் அடினாய்டு அறுவைதான் பொதுவாக முதல் வழி, திருகு அதற்கு மாற்று இல்லை. அம்மா பாலக்காட்டுக்கா கோயமுத்தூருக்கா என்று கேட்டார். எங்கே சீக்கிரம் தேதி கிடைக்கிறதோ அங்கே.